மாற்றக்குறி இயல்: தாம்பரம் – கடற்கரைத் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழர் குறி பார்ப்பதில் குறை வைத்தவர் அல்லர். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன், அதுவும் இடத்தோளா வலத்தோளா என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே உண்டு. காக்கை கரைந்தால் விருந்தாளிக்குச் சேர்த்து உலை வைக்கிறோம். வள்ளுவரோ ‘குறிப்பறிதல்’ என்று ஓர் அதிகாரம் போதாமல் இரண்டு வைத்தார். 71-ஆவது அதிகாரம் அமைச்சர் அரசரின் முகம் பார்த்து அறிவது. 110-ஆவது, காதலர் கண் பார்த்து அறிவது. இரண்டிலும் படிக்கப்படுவது அடுத்தவர் முகமே. தன் முகத்தைத் தானே படித்து, ‘இந்தப் பிழைப்பு இனி ஆகாது’ என்று தெளிவதற்கு மூன்றாவது அதிகாரம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது.

கருதுகோள்

ஒருவருக்கு மாற்றம் தேவை என்பதைக் கடைசியாக அறிபவர் அவரே.

ஆய்வுக் களம்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அத்தடத்தில் நாள்தோறும் அலுவலகம் போய்வரும் நடுவயதுப் பயணி ஒருவரே இங்கு ஆய்வுப்பொருள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது மீட்டர் கேஜ். 2004-இல் அதுவும் முடிந்து எல்லாம் அகலப்பாதை ஆயிற்று. இரும்புத் தண்டவாளமே மாறிவிட்டது. நடைமேடையில் அவர் நிற்கும் தூண் மாறவில்லை.

ஆய்வு முறை

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு பின்பற்றப்படுகிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. காப்பி குடித்துக்கொண்டே படிக்கும் வாசகரை முன்னிட்டுக் கடைசி இரண்டும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

நாடி: வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்ற கணக்கில் நடப்பது செம்மையான நாடி. நம் பயணிக்குச் சனிக்கிழமை முழுவதும் இக்கணக்கு பிசகுவதில்லை. ஞாயிறு மாலை, இஸ்திரி போடக் கொடுத்த சட்டைகள் வீடு திரும்பும் நேரத்தில் மூன்றும் ஒருசேரப் படுத்துவிடுகின்றன.

ஸ்பரிசம்: விரல் தானாகப் போய் போனைத் திறக்கிறது. எதற்குத் திறந்தோம் என்று விரலுக்கும் தெரியாது.

நா: ரயிலடி டீக்கடையில் கள ஆய்வு செய்யப்பட்டது. பயணி மேம்பாலப் படியில் இறங்கும்போதே மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசுகிறார். கல்லாவை எட்டுவதற்குள் அரைச் சர்க்கரை, ஸ்ட்ராங் டீ, நுரை தளும்ப மேடையில் வந்து நிற்கிறது. ஒரு சொல் பேசவேண்டியதில்லை. ஒருநாள் அவர், “மாஸ்டர், ஒரு லெமன் டீ” என்றார். ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “ஏண்ணே, உடம்பு சரியில்லையா?” என்றார் மாஸ்டர். பயணி பதறிப்போய், “சும்மா சொன்னேன், வழக்கமானதையே கொடுங்க” என்று வாங்கிக் குடித்தார். நம் விருப்பம் நமக்கு முன்னால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுவது முதல் குறி; அதை மாற்றிச் சொல்ல நாமே கூசுவது இரண்டாம் குறி.

நிறம்: அலமாரியில் உள்ளவை இளநீலம், அதனினும் இளநீலம், சலவையால் இளநீலமானது என மூவகை. மைத்துனர் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சட்டை, கழுத்தட்டையும் குண்டூசியும் கழற்றப்படாமல் அடித்தட்டில் கிடக்கிறது.

மொழி: நலம் விசாரித்தால் “ஏதோ ஓடுது” என்பார். இது வாதநோயின் தொடக்கம். “பாத்துக்கலாம்” என்பது அதன் முற்றிய நிலை. எப்போது பார்த்துக்கொள்வது என்று துருவியதில் கிடைத்த அட்டவணை பின்வருமாறு. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணியில் தொடங்கலாம்தான், பிள்ளைக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. புரட்டாசி விரதத்துக்கும் கொலுவுக்கும் போய்விடும். ஐப்பசியில் தீபாவளி போனஸ் வரும். அதை வாங்காமல் யாராவது வேலையை விடுவார்களா? கார்த்திகையில் மழை. மார்கழி ஆகாத மாதம். தை பிறந்தால் வழி பிறக்கும். பொங்கல் செலவும் கூடவே பிறக்கும். மாசியும் பங்குனியும் ஆண்டுக் கணக்கு முடிப்பு, பொதுத்தேர்வு. சித்திரையில் இன்க்ரிமென்ட் தெரியவேண்டும். வைகாசியில் ஊரெல்லாம் முகூர்த்தம், மொய் எழுதியே கை ஓய்ந்துவிடும். ஆனியில் பள்ளிக் கட்டணம் கட்டி நிமிர்ந்தால், “அடுத்தது ஆடியாச்சே!” சீசன் டிக்கெட்டையும் அவர் மூன்று மாதத்துக்கு மொத்தமாக எடுப்பது இவ்வட்டவணைக்கு அரண் செய்கிறது.

விழி: தெருவில் யாரோ வீடு மாறுகிறார்கள். கட்டில், பீரோ, துளசி மாடம் எல்லாம் ஏற்றிய வண்டி முனை திரும்பி மறையும்வரை நம்மவர் பால் பாக்கெட்டோடு நின்று பார்க்கிறார். அவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது.

கடாவும் விடையும்

இவையெல்லாம் வெறும் அசதியாகலாகாதோ எனின், ஆகாது. என்னை? அசதி இரண்டு நாள் தூங்கினால் தீரும். இது தூங்கி எழுந்த உடனே தொடங்கும். இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. மழையில் தண்டவாளம் மூழ்கி ரயில் ஓடாது என்று ஒலிபெருக்கி அறிவிக்கும் கணத்தில் முகத்தைப் பார்க்கவேண்டும். அசதிக்காரர் முகம் கடுக்கும். மாற்றம் தேவைப்படுபவர் முகத்திலோ, சம்பளப் பிடித்தம் நினைவுக்கு வருமுன், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையின் சிரிப்பு ஒன்று வந்து போகும். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியும், சிரித்தவருக்குத் தெரியாது. கருதுகோள் இங்கு மெய்ப்பிக்கப்படுகிறது.

முடிபும் மருந்தும்

தன் நாடியைத் தான் பார்த்தால் விரல்கள் நமக்கு வேண்டியதையே சொல்லும். ஆகவே நம்மை நாள்தோறும் பார்ப்பவரிடம், வீட்டுக்காரம்மாளிடமோ சலூன்காரரிடமோ, ‘நான் எப்படி இருக்கிறேன்?’ என்று கேட்டு, விடையின் குறுக்கே பேசாமல் இருப்பதே முதற்சிகிச்சை.

காலம் எது எனின், ஆடி. நகரத்தார் எல்லாவற்றையும் ஒத்திப்போடும் அதே மாதத்தில்தான் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று குடியானவர் ஏர் பூட்டுகிறார். புரட்டாசி விரதமும் ஐப்பசியில் வரும் போனஸும் அவர் விதைப்பைத் தடுத்ததில்லை. விதைத்துவிட்டுத்தான் மற்ற மாதங்களைப் பார்த்துக்கொள்கிறார்.

அளவு: குன்றிமணி. எடுத்த எடுப்பில் வேலையை உதறவேண்டாம். முதல் வேளைக்கு மஞ்சள் சட்டையின் குண்டூசிகளைக் கழற்றுக. இரண்டாம் வேளைக்கு லெமன் டீ. “உடம்பு சரியில்லையா?” என்று மாஸ்டர் மறுபடியும் கேட்டால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்க, டீயை மட்டும் பழையபடி மாற்றிக் கேட்காதீர்.