பையனுக்கு மீசை வரைஞ்ச அப்பன்

மாப்ளே, உன் மவன் மூஞ்சியில மாட்டிக்கிட்டுத் திரியறானே, அந்த வீஆர் கண்ணாடி, அதுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி கொட்டினியாமே. நல்ல காரியம். வெளிய விட்டா கெட்டுப்போவான்னு பயந்து பையனை ஹால்ல நிறுத்தி, உலகத்துத் தெருவையெல்லாம் உள்ள கூட்டியாந்துட்டே. பால்மரம் சீவின என் புத்திக்கு இதெல்லாம் எட்டுமா?

கணக்குத் திறக்கறப்ப பிறந்த வருஷம் கேட்டுச்சாம். நீ 1990ன்னு தட்டினியாம். அந்தக் கண்ணாடியைச் செய்யற மெட்டா கம்பெனிக்காரன் முன்னாடி குறைஞ்சது 13 வயசு ஆவணும்னு வெச்சிருந்தான். 2023-ல 10-க்கு இறக்கினான், பெத்தவங்க பொறுப்புல. உன் மவனுக்குத்தான் பத்து முடிஞ்சுதே! வாசல் திறந்திருக்கறப்ப சுவரேறிக் குதிச்சவன் நீ ஒருத்தன்தான். உண்மை வயசைப் போட்டிருந்தா, அவன் புது ஆட்டம் எடுக்கறப்பல்லாம் உன் போனுக்கு வந்து அனுமதி கேட்டிருக்கும். அது தொந்தரவு. இப்ப நிம்மதி. பால்பல் விழுந்து முடியாத பயலை முப்பது தாண்டின ஆம்பளைன்னு மிஷின் நம்பிடுச்சு. பொண்ணு பாக்கலாமா?

பெரியவங்க கூடற இடத்துக்குப் பெரியவனாத்தான் போறான். அங்க என்ன நடக்கும்னு கேக்காதே. 2021 கடைசியில மெட்டாவோட ஹொரைசான் வோர்ல்ட்ஸ்ங்கற மெய்நிகர் உலகத்துல ஒரு பொம்பளையோட உருவத்தை எவனோ தடவினான்னு புகார் வந்து, அடுத்த பிப்ரவரியில ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல ஏறக்குறைய நாலடி இடைவெளி விழற மாதிரி வேலி போட்டாங்க. 2024 ஜனவரியில, 16 வயசு ஆவாத பொண்ணோட உருவத்துக்கு மெய்நிகர் உலகத்துல நடந்த கூட்டு வன்கொடுமையை பிரிட்டன் போலீஸ் விசாரிக்குதுன்னு செய்தி வந்துச்சு. உடம்புல கீறல் இல்லையேன்னு கேட்ட மேதாவிகளும் உண்டு. பிள்ளை பயந்ததுக்குக் கீறல் எங்க தேடறது?

2016 ஆகஸ்ட் 6-ல போக்கிமான் கோங்கற போன் ஆட்டம் மலேசியாவுக்கு வந்தப்ப இவ்வளவு கஷ்டமில்ல. பாடாங் கோத்தாவுல கடலைப் பாக்க ஆளில்ல, எல்லாரும் போனைத்தான் பாத்தாங்க. சாலையைப் பாக்காம நடந்ததுல பாதிப்பேர் கல்யாணமானவனுங்க, அது வேற கதை. பையன் எங்க நிக்கறான், யார்கூட நிக்கறான்னாவது நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்ப அவன் நிக்கறது உன் சோபா பக்கத்துல. யார்கூட நிக்கறான்?

எவனாவது உள்ள வந்து ‘படம் அனுப்பு, அப்பாகிட்ட சொல்லாதே’ன்னு குழைஞ்சான்னு பையன் வந்து சொல்றான்னு வெச்சுக்க. பளார்னு ஒண்ணு விட்டு, கண்ணாடியைப் பிடுங்கிடு. அப்புறம் ஆயுசுக்கும் உன்கிட்ட எதையும் சொல்லமாட்டான், வீடு அமைதியா இருக்கும். அமைதி வேணாம்னா 15999-க்கு அடி, தாலியான் காசே உதவி எண்காரங்க எடுப்பாங்க. பிள்ளைகிட்ட பேசிப் பேசி அந்த மாதிரி வலை விரிக்கறதே நம்ம நாட்டுல 2017-ல வந்த 792-ஆம் சட்டத்துல குத்தம், 5 வருஷம் வரைக்கும் உள்ள போவலாம். ‘வெளிய சொன்னா மானம் போயிடும்’னு உன் சித்தப்பன் வருவான். தெரிஞ்சும் மறைச்சா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்னும் அதே சட்டத்துல இருக்கு. மானத்துக்கு அவனே கட்டட்டும்.

இன்னொண்ணு. கண்ணாடிக்குள்ள ஓடறதை அப்படியே டிவியில விழ வைக்கலாமாம், என் பேத்தி போட்டுக் காட்டினா. ஆட்டம் ஹால்லதான், டிவி எரிஞ்சாத்தான்னு சட்டம் போடு. நீயும் போனை வெச்சுட்டுப் பக்கத்துல உக்காரு, அவன் கை வீசறப்ப காப்பித் தம்ளர் மட்டும் தள்ளி இருக்கட்டும். சாயங்கால சீரியல் போச்சேன்னு உங்கம்மா குதிப்பா. என் தங்கச்சிதான், இருந்தாலும் அவகிட்ட பேச எனக்குத் தைரியமில்ல. நீயே பாத்துக்க.