சட்டை தூக்கிய கிலோ

பாளையங்கோட்டை ஜிம்முகளில் திங்கட்கிழமை என்றால் செஸ்ட். யார் போட்ட சட்டமோ தெரியாது, ஊரிலுள்ள இளவட்டம் அத்தனையும் அன்று பெஞ்சுக்கு வரிசை கட்டி நிற்கும். கால் பயிற்சி மெஷினில் துண்டு காயும்.

வரிசையில் நிற்பவர்களின் பையைத் திறந்து பார்த்தால் ஒரு கடையே வைக்கலாம். இடுப்புக்கு பெல்ட், மணிக்கட்டுக்கு ராப், முழங்கைக்கு உறை, உள்ளங்கைக்கு கிளவுஸ், அன்றைக்குக் காலுக்கு வேலையே இல்லை என்றாலும் முழங்காலுக்கும் ஒன்று. நெல்லையப்பருக்குத் திரை போட்டு அலங்காரம் செய்கிற நேரத்தைவிட இவர்கள் மாட்டி முடிக்கிற நேரம் அதிகம். அப்புறம் படுத்து மூன்று செட் அடிப்பார்கள். எழுந்து கண்ணாடியைப் பார்ப்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் அத்தை மகன். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அத்தான். “கியர் இல்லாம வெயிட்டு ஏறாது மாப்ள” என்பது அவர் கட்சி. எங்கள் ஆச்சிக்கு வேறு கட்சி. ஆத்துத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவனுக்கு இடுப்பில் தோல்வார் எதற்கு என்று கேட்பாள். திருநெல்வேலியில் அல்வாவின் ருசிக்கும், ஆளின் நிறத்துக்கும், பரீட்சை மார்க்குக்கும் தாமிரபரணியே காரணம் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் ஆச்சி சேர்த்துவிட்டாள்.

இரண்டு கட்சியிலும் சேராமல் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் பெல்ட். மூச்சை நிறைய இழுத்து நிறுத்தி, வயிற்றால் பெல்ட்டை வெளியே தள்ள வேண்டும். உள்ளே அழுத்தம் கூடி நடு உடம்பு இறுகும், முதுகெலும்பு நிலையாக நிற்கும். ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் இதனால் உண்மையான பயன் உண்டு, ஏனென்றால் அங்கே மொத்த எடையும் முதுகெலும்பு வழியாகத்தான் இறங்குகிறது. பெஞ்சில் மனிதன் மல்லாந்து படுத்திருக்கிறான். முதுகு பெஞ்சின் மேலே கிடக்கிறது, எடை தோளிலும் கையிலும் நிற்கிறது. அங்கே பெல்ட்டால் கிடைப்பது மிகக் கொஞ்சம். இதை அத்தானிடம் சொன்னேன். “தொந்தி தெரியாதுல்ல” என்றார். அந்தப் பயனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மணிக்கட்டு ராப் பரவாயில்லை. கனமான ராடு உள்ளங்கையில் உட்காரும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கப் பார்க்கும். ராப் அதை நிமிர்த்திப் பிடிக்கும், வலி குறையும், முன்கை எலும்புக்கு நேர்மேலே எடை நிற்கும். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி அது 1 மீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் தாண்டக் கூடாது. பெல்ட் 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கலாம். கிளவுஸுக்குப் போட்டி மேடையில் இடமே இல்லை. நம் பையன்கள் மற்ற எதை மறந்து வந்தாலும் கிளவுஸை மறப்பதில்லை.

இவையெல்லாம் சில்லறை. பெஞ்ச் பிரஸ்ஸில் மெய்யாகவே கிலோக்களைக் கூட்டித் தருகிற சாமான் ஒன்று உண்டு, அது ஒரு சட்டை. 1983இல் அமெரிக்காவில் ஜான் இன்ஸர் என்ற பளுதூக்குபவர் உருவாக்கியது. நம் தையற்காரர் யாராவது அப்படித் தைத்துக் கொடுத்தால் துணியை அவர் முகத்திலேயே எறிந்துவிட்டு வருவோம். விறைத்த, எளிதில் இழுபடாத பாலியஸ்டர். மார்புக்குக் குறுக்கே மூச்சு முட்டும் இறுக்கம். கைகளைப் பக்கவாட்டில் தைக்காமல் முன்பக்கமாகத் திருப்பித் தைத்திருப்பார்கள். போட்டவன் கை இரண்டும் தானாக முன்னால் நீண்டு நிற்கும். ராடை மார்புக்கு இறக்குவதென்றால் அந்தத் துணியை மல்லுக்கட்டி இழுத்தாக வேண்டும். இழுத்த துணி மேலே போகும்போது அந்த விசையைத் திருப்பித் தரும். மார்பை ஒட்டிய இடத்தில்தான் மனிதனுக்கு பலம் குறைவு, சட்டை அதிகம் உதவுவதும் அங்கேதான். பாதி தூரம் ஏறிய பிறகு துணி தளர்ந்துவிடும், மிச்சத்தை அவனவன் கையின் பின்தசைதான் முடிக்க வேண்டும்.

அத்தான் ஒன்று வரவழைத்தார். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அத்தையிடம் ஆயிரத்து இருநூறு என்று சொல்லியிருந்தார்.

அதை மாட்டுவதற்கு நான், ஜிம் மாஸ்டர், ரிசப்ஷன் பையன் என்று மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒரு டப்பா பவுடர் காலி. ஆளுக்கொரு கையைப் பிடித்து மாஸ்டரும் நானும் இழுக்க, பையன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துக் கீழே இறக்கினான். சட்டை உள்ளே போயிற்று, அத்தானின் கைகள் முன்னால் வந்து நின்றன. நின்றவை கீழே இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. எடுத்து அவர் காதில் வைத்தது நான்தான்.

“எங்கல இருக்க?”

“சட்ட போட்டுக்கிட்டு இருக்கேம்மா.”

“இம்புட்டு நேரமாவா?”

பெஞ்சில் படுக்க வைத்தோம். சட்டையில்லாமல் அத்தான் அதிகபட்சமாக அடித்தது 75 கிலோ. மாஸ்டர் முதலில் 60 வைத்தார். ராடு மார்புக்கு ஒரு சாண் மேலே வந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அத்தான் நிறுத்தவில்லை, நிறுத்தியது சட்டை. “கீழ எறக்குங்க அண்ணாச்சி” என்றார் மாஸ்டர். “எறங்க மாட்டேங்குவே” என்றார் அத்தான், சட்டைக்குள்ளிருந்து. எடை போதவில்லை. 80 வைத்தார்கள், 90 வைத்தார்கள், இன்னும் நாலு விரற்கடை பாக்கி. அதற்கு மேல் வைக்க மாஸ்டர் சம்மதிக்கவில்லை. துணி சட்டென்று வழிவிட்டால் ராடு எங்கே வரும் என்பது அவருக்குத் தெரியும். மேடையிலோ ராடு உடம்பைத் தொட்டால்தான் கணக்கு. தொட்டு அசையாமல் நின்று, நடுவர் உத்தரவு சொன்ன பிறகு தூக்கி, மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்குப் போட வேண்டும். அந்தச் சட்டை நூற்றுச் சொச்சம் கிலோவைச் சொந்தமாக அடிக்கிற ஆளுக்கானது. அத்தானோடு அது பேச்சுவார்த்தைக்கே வரவில்லை.

மாஸ்டர் அந்தக் காலத்தில் சட்டை போட்டு மாநிலப் போட்டிகளுக்குப் போனவர். மேடையில் பெல்ட் எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். “சட்ட மேல ஏறாம இருக்க” என்றார். பெஞ்சில் பெல்ட்டுக்கு இவ்வளவு உருப்படியான காரணத்தை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பழகியவனுக்கு அந்தச் சட்டை என்ன செய்யும் என்பதற்கு உலக சாதனைகளைப் பார்த்தால் போதும். சட்டையில்லாமல் ரஷ்யாவின் கிரில் சாரிச்செவ் 2015இல் 335 கிலோ அடித்தார். அமெரிக்காவின் ஜூலியஸ் மேடக்ஸ் 2021இல் அதை 355 ஆக்கினார். சட்டை போட்டவர்கள் பக்கம் போனால், 2004இலேயே ஜீன் ரிச்லாக் 1005 பவுண்டு அடித்துவிட்டார், அதாவது ஏறக்குறைய 456 கிலோ. 2023இல் ஜிம்மி கோல்ப் அடித்தது 1320 பவுண்டு, கிலோவில் 598 சொச்சம். மேடக்ஸுக்கும் கோல்புக்கும் நடுவில் 240 கிலோவுக்கு மேல் வித்தியாசம். கோல்ப் பலசாலிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த 240 கிலோவுக்கான மாலையில் பாதியைத் தையல் மிஷினுக்குப் போடலாம் என்பது என் கருத்து. சர்வதேசக் கூட்டமைப்பு ஒற்றை அடுக்குத் துணியோடு நிறுத்திக்கொண்டது. வேறு சில அமைப்புகள் பல அடுக்கு, முதுகு திறந்தது என்று எதையும் அனுமதித்தன, எண்கள் அங்கேதான் இப்படி எகிறின. தூக்குவது ஆளா துணியா என்ற சண்டை முற்றி, சட்டையில்லாதவர்களுக்குக் கிளாசிக் என்று தனிப் பிரிவு வந்தது. 2013இல் ரஷ்யாவின் சுஸ்தால் நகரில் அதற்கென்றே உலகப் போட்டி நடந்தது. இப்போது இந்தியாவிலும் இரண்டும் தனித்தனி.

சட்டை இல்லாதவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் முதுகை வில்லாக வளைத்தார்கள். தோள்பட்டையைப் பின்னால் இறுக்கி, காலைத் தரையில் ஊன்றி, நெஞ்சை மேலே தூக்கினால் ராடு பயணம் செய்யும் தூரம் குறையும். இது நல்ல நுட்பம்தான், தோளுக்கும் பாதுகாப்பு. ஆனால் உடம்பு நன்றாக வளைகிறவர்கள் சிலர் அந்தத் தூரத்தைச் சில சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண் சிமிட்டினால் ஒரு லிஃப்ட் முடிந்துபோயிருக்கும். 2023 முதல் முழங்கை தோள் மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்கியாக வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு விதி எழுதியது. மனிதன் கையிலிருந்து துணியைப் பறித்தால் எலும்பை வளைப்பான்.

இந்தக் கூத்து எதுவும் இல்லாத பெஞ்ச் பிரஸ் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அங்கே பளுதூக்குதல் என்றாலே பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான். சட்டை கிடையாது. கால்களும் பெஞ்சின் மேலேயே இருக்கும், வாரால் கட்டிக்கொள்ளலாம். தரையில் காலை ஊன்றித் தள்ளுகிற உதவிகூட இல்லை. அப்படிப் படுத்துக்கொண்டு 2016இல் ரியோவில் ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 310 கிலோவைத் தூக்கினார். அதற்கு முன் 2004 ஏதென்ஸில் பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு 56 கிலோ பிரிவில் 157.5 கிலோ அடித்து வெண்கலம் கொண்டுவந்தார். 2024 பாரிஸில் 67 கிலோ பிரிவில் நம் தமிழ்நாட்டு கஸ்தூரி ராஜாமணி கலந்துகொண்டார். எங்கள் ஜிம்மில் சினிமா நடிகர்கள் படம் ஆறு ஒட்டியிருக்கிறது, இவர்களில் ஒருவர் படமும் இல்லை. மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் பழைய வழி வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ராதாபுரம் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கும். நூறு கிலோவுக்கு மேலுள்ள கல்லும் அதில் உண்டு. வழவழவென்று உருண்டை, பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. குந்தி உட்கார்ந்து கட்டிப்பிடித்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். பெண்களுக்கும் அங்கே போட்டி உண்டு. ஒரு காலத்தில் இந்தக் கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பார்கள். அத்தானுக்கு அந்த விதி இருந்திருந்தால் அவரைக் கட்டிக்கொண்ட அக்கா இன்று வேறு வீட்டில் சௌக்கியமாக இருந்திருப்பாள்.

நம் ஆட்கள் கியரே தொடாதவர்கள் என்று மார்தட்டவும் முடியாது. டவுணில் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு விடியற்காலை போய்ப் பாருங்கள். மூட்டை சுமக்கிறவர் தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருப்பார். எடையைப் பரப்பி, உச்சந்தலை வலிக்காமல் பார்த்துக்கொள்கிற கியர்தான் அது. அங்கே ஓர் அண்ணாச்சியிடம், சும்மாடு இருந்தால் கூடுதலாகத் தூக்க முடியுமா என்று விசாரித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கூலி மூட்டைக்குத்தான் தம்பி, சும்மாட்டுக்கு யாரும் தர மாட்டான்” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தோடு போய்விட்டார்.

ஆகவே, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டை எடையைக் கூட்டும், பத்து இருபது அல்ல, பழகியவனுக்கு அதைவிட நிறையவே கூட்டும். ஆனால் அது தனி விளையாட்டு. சட்டையைக் கழற்றிய மறுநாள் அந்தக் கிலோக்கள் உங்களோடு வீட்டுக்கு வராது. சட்டைப் பிரிவில் போட்டியிடப் போகிறவர், ஏற்கெனவே நன்றாக அடிக்கிறவர், கூடவே தெரிந்த மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்றால் வாங்கலாம். மற்றவர்கள் ஒரு ஜோடி மணிக்கட்டு ராப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கால் பயிற்சி நாளுக்கு வையுங்கள், அப்படி ஒரு நாள் உங்களுக்கு உண்டென்றால். நம் ஊர் வேர்வையில் ரெக்சின் பெஞ்சில் முதுகு வழுக்கும். அதற்கு ஒரு துண்டு விரிப்பதைவிட முதுகில் கொஞ்சம் சாக்பவுடர் தடவுவது நல்லது.

ராடைப் பிடிக்கும்போது கட்டைவிரல் சுற்றிவரட்டும். விரித்துப் பிடிப்பதைப் போட்டி விதியும் ஒத்துக்கொள்வதில்லை, கை நழுவினால் ராடு விழுவது நெஞ்சிலோ கழுத்திலோதான். பின்னால் ஓர் ஆளை நிறுத்தாமல் பெஞ்சில் படுக்காதீர்கள். நிற்கிற ஆள் போன் பார்க்காத ஆளாக இருக்கட்டும்.