ஒட்டுக்கடை மேல்முறையீடு

சிரம்பானில் ரஜினி படம் வெளியாகும் நாளில் அண்ணனைத் தேடித் திரையரங்குக்குப் போக வேண்டாம். படம் முடிந்த கால் மணி நேரத்தில் அவரே ஒட்டுக்கடைக்கு வந்துவிடுவார். தே தாரிக் வருவதற்குள் கைப்பேசியைச் சீனிப் போத்தல் மேல் சாய்த்து வைப்பார். சென்னையில் முதல் காட்சி முடிந்ததும் அங்கிருந்து ஒருவர் படத்தைப் பிரித்து மேய்வார். அண்ணன் அவரைப் பிரித்து மேயத் தொடங்குவார்.

அண்ணன் என்றால் ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். லாபு, ரந்தாவ், மாம்பாவ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தமானுக்கு ஒருவர் உண்டு. பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தபோது அண்ணனும் லயத்தை விட்டு வெளியே வந்தார். இப்போது செனாவாங் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளர், இல்லையென்றால் லாரி ஓட்டுநர். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டில் அதிகம் பேசமாட்டார். தொழிற்சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசை. விமர்சகர் என்று வந்துவிட்டால் மட்டும் மடை திறந்துவிடும்.

படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாருக்குலா, போய்ப் பாரு." அவ்வளவுதான். விமர்சனம் எப்படி என்று கேட்பதாக இருந்தால், இராச் சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் மன்றத்தின் முதல் சட்டம் நேரம் பற்றியது. மலேசியக் கடிகாரம் தமிழ்நாட்டை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே விடியற்காலைச் சிறப்புக் காட்சிகள் நின்றுபோய், பெரிய படங்களின் முதல் காட்சி காலை 9 மணி என்று ஆனதிலிருந்து அண்ணனுக்குக் கொண்டாட்டம். அங்கே 9 என்றால் இங்கே 11.30. "நாம பாத்து முடிச்சிட்டு வெளிய வரோம். அப்பத்தான் அங்க பேரே போடுறான். முன்ன பாத்தவன் பேச்சுக்கு மரியாத வேணாமா?"

இரண்டாவது சட்டம் பணம் பற்றியது. நம் தலைவர் படத்தைத் திட்டுபவன் எதிரணியிடம் காசு வாங்கியவன். எதிரணிப் படத்தைப் புகழ்பவனும் எதிரணியிடம் காசு வாங்கியவன். நம் படத்தைப் புகழ்பவன் மட்டும் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் பார்த்த உத்தமன்.

மூன்றாவது, நட்சத்திரக் கணக்கு. ஐந்துக்கு இரண்டரை என்றால் "பாதிக்குப் பாதி, பாஸ்." இரண்டு என்றால் "இவனெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?" மூன்றரை வந்துவிட்டால் அந்த விமர்சகரின் குலம், கல்வி, நேர்மை பற்றி அரை மணி நேரம் புகழுரை. அதே ஆள் போன படத்துக்கு ஒன்றரை கொடுத்தவர் என்று எதிரே இருக்கும் விஜய் ரசிகத் தம்பி நினைவூட்டினால், "மனுசன் திருந்தமாட்டானா?" என்பார்.

முன்னுதாரணங்களும் கையில் உண்டு. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. அந்த 62.5இல் பரட்டைக்கு எவ்வளவு, சப்பாணிக்கு எவ்வளவு, மயிலுக்கு எவ்வளவு என்று அண்ணன் பிரித்தே வைத்திருக்கிறார். ரஜினி நடித்த பரட்டைக்கு நாற்பது. மிச்சத்தைக் கமலும் ஸ்ரீதேவியும் பாரதிராஜாவும் இளையராஜாவும் பார்த்துப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"பேச்சு என்னா, ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லு" என்பது அவருடைய பிரம்மாஸ்திரமாக இருந்தது. 2021 டிசம்பரில் யூடியூப் விமர்சகர் ப்ளூ சட்டை மாறன் 'ஆன்டி இந்தியன்' என்று நிஜமாகவே ஒரு படத்தை எடுத்துக் காட்டிவிட்டார். அண்ணன் ஒரு வாரம் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு வந்தார். "எடுத்தா மட்டும் போதுமா? ரஜினிய வச்சு எடுக்கச் சொல்லு."

2024 நவம்பரில் 'கங்குவா' படத்துக்கு விமர்சகர்களிடம் விழுந்த அடியில் தயாரிப்பாளர்களே பொறுமை இழந்தார்கள். முதல் நாள் திரையரங்க வாசலில் யூடியூபர்களை மைக்கோடு விடாதீர்கள் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று ஒரு மனு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒட்டுக்கடையே அண்ணனுக்கு வாழ்த்துச் சொன்னது. அவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. மூன்று நாள் விமர்சனம் வராவிட்டால் மூன்று நாள் இவர் யாரைத் திட்டுவது? விமர்சனம் செய்யத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, "என்ன சட்டமோ போ" என்று சலித்துக்கொண்டே அன்று எல்லார் தே தண்ணிக்கும் அவரே வெள்ளி கொடுத்தார்.

இத்தனை வழக்குகளிலும் பெரிய வழக்கு 'கபாலி'. 2016 ஜூலை 22. பா. ரஞ்சித் இயக்கம். ரஜினி முதன்முறையாக அண்ணனின் ஊர்க்காரர். தோட்டத்திலிருந்து எழுந்து வந்த மலேசியத் தமிழர். சென்னை விமர்சகர்கள் சிலர் வேகம் போதவில்லை, பழைய ரஜினி எங்கே என்று எழுதினார்கள். அண்ணன் கொதித்தார். "பெரட்டுக் களம்னா என்னான்னு தெரியுமா இவனுங்களுக்கு? கித்தாக் காட்டுல கொசுக்கடி வாங்கிருக்கானுங்களா? எங்க கதைக்கு இவன் யாரு மார்க்கு போட?"

சட்ட நுணுக்கமும் ஒன்று கிடைத்தது. இந்தியாவில் ஓடிய படத்தில் கடைசியில் திரை இருண்டு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். மலேசியாவில் திரையிட்ட படத்திலோ கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்து வந்தது. அண்ணன் மேசையைத் தட்டினார். "அவன் பாத்தது வேற படம், நாம பாத்தது வேற படம். அந்தத் தீர்ப்பு இங்க செல்லாது!"

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். "ஆனா ஒண்ணு..." என்று அண்ணன் இழுத்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் படத்தைப் பற்றிப் பேசினார். இந்த வெயிலில் எந்தத் தமிழன் நாள் முழுக்கக் கோட்டுப் போட்டுத் திரிவான்? நம்ம ஆள் பேச்சில் 'லா' எங்கே போச்சு? குண்டர் கும்பலைக் காட்டிய அளவுக்குத் தோட்டத்தைக் காட்ட வேண்டாமா? தோட்டத் துண்டாடல் வந்து சனங்கள் சட்டிபானையோடு தெருவுக்கு வந்ததை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கக் கூடாதா? சென்னையில் ஒருவரும் எழுதாத குறைகள். ஒவ்வொன்றும் நியாயம். ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் தம்பிதான் கேட்டான். "அப்ப அஞ்சுக்கு எத்தன குடுக்கலாம்ணே?"

"ரெண்டே முக்கா" என்று வாய் தவறி வந்துவிட்டது. உடனே சுற்றுமுற்றும் பார்த்தார். "டேய், நான் என்ன விமர்சகனா? மார்க்கு போடுறது என் வேலையில்லடா."

ஒரே ஒரு தடவை அவர் திண்டாடிப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு படத்தை எல்லா விமர்சகர்களும் சேர்ந்து பாராட்டிவிட்டார்கள். கைப்பேசியில் அங்கே இங்கே தடவிப் பார்த்தார். ஒரு வசவு கிடைக்கவில்லை. தே தாரிக்கில் ஆடை படிந்தது. ரொட்டி சானாய் விறைத்தது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாருமே நல்லாருக்குங்கிறானுங்க. அப்ப இதுல என்னமோ உள்குத்து இருக்குடா. எவ்வளவு காசு கைமாறிருக்கும்?"