பிரிவு 2(1)(ஆ) மாமாவுக்கு மருமகன் எழுதுவது

பெறுநர்:
உயர்திரு பிரிவு 2(1)(ஆ) அவர்கள்,
குடியுரிமைச் சட்டம், 1955,
புது தில்லி.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, ஏழு வயது மகள் மூவரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் உட்பிரிவுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாமா என்று கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கல்யாணத்திலும் பெண் வீட்டுப் பக்கம் ஒரு பெரிய மாமா முறுக்கிக்கொண்டு நிற்பார். பத்திரிகையில் தன் பெயர் கீழே போய்விட்டது என்பார், பந்தியில் உட்கார மாட்டார். எங்கள் கல்யாணத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. அவளுடைய மாமாக்கள் ஒருவர் மன்னாரில், ஒருவர் கனடாவில். முறுக்கிக்கொள்ள ஆளில்லாத கல்யாணம் என்று சந்தோஷப்பட்டேன். நீங்கள் இருப்பது அப்போது தெரியாது.

நான் 1991 ஆகஸ்டில் பொன்னேரி அரசு மருத்துவமனையில் பிறந்தவன். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். என் மனைவி 1990 ஜூலையில், எட்டு மாதக் கைக்குழந்தையாக, இலங்கையிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கினாள். இறங்கினாள் என்பதுகூடத் தப்பு, இறக்கிவைத்தார்கள். மண்டபம் அகதி முகாமில் கொஞ்ச நாள், பிறகு கும்மிடிப்பூண்டி முகாம். ஆக, இந்தியாவில் அவளுக்கு என்னைவிட ஒரு வருடம் ஒரு மாதம் சீனியாரிட்டி. நான் பிறந்து வீறிட்டபோது அவள் இந்த மண்ணில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு வயசு கூட என்று என் அம்மா மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போய்வந்தார், சரியாகிவிட்டது. 2016-இல் அதே கோயிலில் தாலி கட்டினேன். பதிவும் செய்தோம்.

உங்கள் பங்காளி பிரிவு 5(1)(இ) இருக்கிறாரே, தங்கமான மனுஷன். இந்தியக் குடிமகனைக் கட்டிக்கொண்டவர் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். ஏழா? எங்களிடம் ஐந்து ஏழு இருக்கிறது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கல்யாணச் சான்றிதழ், போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எதையும் புரட்டவில்லை.

“எப்படி வந்தாங்க?”

“படகுல சார்.”

“பாஸ்போர்ட்?”

“அப்ப அவங்களுக்கு எட்டு மாசம் சார்.”

“வயசைக் கேக்கல. பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.”

பால் பாட்டில் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பங்காளி வீட்டு வாசலில் ‘சட்டவிரோதக் குடியேறி அல்லாத’ என்று ஒரு பலகை உண்டாம். அது யார் என்று முடிவு செய்கிறவர் நீங்களாம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்த வெளிநாட்டவர் உங்கள் கணக்கில் சட்டவிரோதம். இரண்டு கால் ஊன்றி நடக்கத் தெரியாத வயதுக்கும் சலுகை கிடையாது.

அன்றிரவு உங்கள் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்தேன், மாமா. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கருவாகி, 2004 டிசம்பர் 3-ஆம் தேதி அமலுக்கு வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் மருமகளுக்கு வயது பதினைந்து, அரையாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த மாமா, அவளைப் பார்த்து ‘நீ எப்படி உள்ளே வந்தாய்’ என்று கேட்பது எந்த ஊர் முறை?

என் மனைவியின் சித்தி மகள் மெல்போர்னில் இருக்கிறாள். புருஷனைக் கூப்பிட்டுக்கொள்ள அவள் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்த கதையை இரவெல்லாம் போனில் கதைத்தாள். ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டணம். அதைக் கட்டிவிட்டு, காதல் உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டும். சேர்ந்து எடுத்த போட்டோ, கூட்டு வங்கிக் கணக்கு, கரண்ட் பில், வாட்ஸ்ஆப் பேச்சு, நண்பர்கள் இருவர் எழுதிக்கொடுத்த சாட்சியம். இங்கிலாந்தில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். துணையை அழைத்துக்கொள்ள வருடத்துக்கு 29,000 பவுண்ட் சம்பாதிக்க வேண்டுமாம். கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த அரசுகள் காதலைச் சந்தேகப்படுகின்றன. சந்தேகப்பட்டால் நிரூபிக்கலாம், மாமா! எங்கள் காதலை நீங்கள் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எங்கள் கரண்ட் பில்லை ஒரு தடவையாவது கேளுங்களேன். ஏசி இல்லாத வீட்டின் பில், பார்த்தால் உங்களுக்கே மனசு இளகும்.

முறைப்படி வர ஒரு வழி இருக்கிறது என்றார் ஒரு வக்கீல். என் மனைவி வெளியேற அனுமதி வாங்கி இலங்கைக்குப் போக வேண்டும். அங்கே பாஸ்போர்ட் எடுத்து, இந்தியனின் மனைவி என்று விசா கேட்டு, கிடைத்தால் ஒன்றரை மணி நேரம் விமானத்தில் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அன்றிலிருந்து ஏழு வருடம் எண்ண ஆரம்பிக்கலாம். முப்பத்தைந்து வருடம் ஓடிய வண்டியின் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிற வேலை. இதை ஒர்க்‌ஷாப்காரன் செய்தால் போலீஸ் பிடிக்கும். தவிர, போனவளுக்கு விசா கிடைக்கவில்லை என்றால்? மன்னாரில் அவளுக்கு வீடு இல்லை, வாசல் இல்லை, எட்டு மாதத்துக்கு மேல் நினைவும் இல்லை. நான் அங்கே போய் மருமகனாக இருக்கலாம், அதற்கும் ஒரு விசா உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல்கூட விட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த தொழில் கம்பி உருட்டுவது மட்டும்தான் என்பதால் அந்த யோசனையை மனைவியின் அம்மா, என் அத்தையே தள்ளிவிட்டார். (அத்தை என்று நான் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. “மாமி எண்டு சொல்லுங்கோ மகன்” என்பார்.)

எங்கள் மில் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிப்காட்டுக்கு ஸ்கிராப் கண்டெய்னரில் வரும். எந்தெந்த நாட்டிலோ உடைத்த கார், பழைய பாய்லர், துருப்பிடித்த பைப். அதை பர்னஸில் கொட்டி 1,600 டிகிரியில் உருக்கினால் சில மணி நேரத்தில் பில்லட். பில்லட்டை உருட்டினால் டிஎம்டி கம்பி. கம்பியில் நம் நாட்டுத் தர முத்திரை. அதற்கப்புறம் அந்தக் கம்பியிடம் யாரும் ‘நீ எப்படி வந்தாய்’ என்று கேட்பதில்லை. உங்கள் அலுவலகக் கட்டடத்தையே அது தாங்கி நிற்கலாம். முகாம் தகரக் கூரையும் முப்பத்தைந்து கத்திரி வெயிலும் பார்த்தவள் என் மனைவி. உருகுவதற்கு அந்தச் சூடு போதாது என்றால் எத்தனை டிகிரி வேண்டும் என்று எழுதுங்கள், எங்கள் பர்னஸ்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்.

திருத்தணியும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வள்ளியைக் கைப்பிடித்து முருகன் அமர்ந்த மலை. கதிர்காமத்துக்காரர்கள் வள்ளி தங்கள் காட்டுப் பெண் என்கிறார்கள். வள்ளிமலைக்காரர்கள் இல்லவே இல்லை, எங்கள் பெண் என்கிறார்கள். வள்ளிமலைதான் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். கதிர்காமம் ஜெயித்துவிட்டால் உங்கள் பார்வை திருத்தணிப் படி ஏறும். மயிலில் வந்ததற்கு ஏது நுழைவு முத்திரை?

அகதி முகாம் என்ற பெயரை மாநில அரசு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பலகை மாறியது. ஆள் எண்ணும் நாளில் என் மனைவி அங்கே போய் நிற்பது மாறவில்லை. 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்று வீட்டுக்கும் பத்திரிகை வைத்தீர்கள். அங்கிருந்து குறிப்பிட்ட ஆறு மதத்தவர் 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் போதும் என்றீர்கள். இவள் இருபத்து நான்கு வருடம் முன்கூட்டியே வந்துவிட்டாள், கடல் மட்டும் வேறு. 2025 செப்டம்பரில் உங்கள் உறவினரான குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் ஒரு பெருந்தன்மை காட்டியது. 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நன்றி. அடிக்க மாட்டேன், ஆனால் வீட்டுக்குள் கூப்பிடவும் மாட்டேன் என்று சொல்லும் பெரியவர்களை எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன்.

சொல்லத் தயங்கிக் கடைசிக்கு வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. என் மகள். நான் பிறந்த அதே பொன்னேரி ஆஸ்பத்திரியில் 2018-இல் பிறந்தாள். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதாதாம், இன்னொருவர் உங்கள் பட்டியலில் இல்லாதவராகவும் இருக்க வேண்டுமாம். ஆகவே சட்டப்படி அவள் இந்தியக் குழந்தை இல்லை. இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் அந்த நாட்டுக் குழந்தை ஆகலாம். அவள் பார்த்த மிகப் பெரிய நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரி. பள்ளியில் விண்ணப்பம் நிரப்பும்போது ‘நாட்டினம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. அவளே வாங்கி ‘கும்மிடிப்பூண்டி’ என்று எழுதிவிட்டாள். இன்னும் யாரும் திருத்தச் சொல்லவில்லை.

அவளுக்குத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரியில் காதுகுத்து. முறைப்படி தாய்மாமன் மடியில், இல்லாவிட்டால் அவள் அம்மாவின் மாமா மடியிலாவது உட்கார வைக்க வேண்டும். மன்னார் மாமாவுக்கு விசா கிடைக்குமா தெரியவில்லை, கனடா மாமாவுக்கு லீவு இல்லை. நீங்கள் வந்தால் தேவலை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் ட்ரெய்னில் ஏறுங்கள், கடைசி ஸ்டேஷன், தூங்கினாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி ‘எப்பிடி வந்தனீங்கள்?’ என்று கேட்பார். பயந்துவிடாதீர்கள். ரயிலா பஸ்ஸா என்பதற்காகக் கேட்பதுதான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைக் கட்டியவன்,
கும்மிடிப்பூண்டி.