உதவாக்கரைத் தீவுகள்

கொலம்பஸ் கதை ஊரறிந்தது. இந்தியாவுக்குப் புறப்பட்டு, வேறெங்கோ போய் இறங்கி, எதிரில் வந்தவர்களையெல்லாம் இந்தியர் என்று கூப்பிட்டவர். கடைசி வரை தப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவருடைய பிள்ளை டியேகோ கொலம்பஸும் குடும்ப மானத்தைக் காப்பாற்றினார். வெனிசுவேலாவுக்கு எதிரே, கரீபியன் கடலின் தென்கோடியில் அருபா, குராசோ, பொனேர் என்று மூன்று தீவுகள். 1513இல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே முத்திரை குத்தினார்: ‘உதவாத தீவுகள்’.

அவர் கணக்கில் அது நியாயம்தான். மழை பெயருக்குத்தான் பெய்யும். ஆறு கிடையாது. கள்ளிச் செடி உண்டு, ஓணான் உண்டு, தங்கம் இல்லை. அந்தக் காலத்து ஸ்பானிஷ் அதிகாரிக்குத் தங்கம் இல்லாத மண் மண்ணே இல்லை. இத்தனைக்கும் 1499இல் இந்தப் பக்கம் வந்த அமெரிகோ வெஸ்புச்சி, ஆட்களின் உயரத்தைப் பார்த்து மிரண்டு, குராசோவுக்கு ‘இராட்சதர் தீவு’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினாலு வருஷத்தில் இராட்சதர் தீவு உதவாக்கரை ஆயிற்று.

தீவுதான் உதவாது; ஆள் உதவுவான். 1515இல், அங்கே வாழ்ந்த கக்கெத்தியோ மக்களில் சுமார் 2,000 பேரைப் பிடித்துக் கப்பலேற்றி, ஹிஸ்பானியோலாவுக்கு அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரனைத் தூக்கிக்கொண்டு போன கதை.

வரலாறு அவசரப்படாமல் பழிவாங்கும். 1824இல் அருபாவில் தங்கம் கிடைத்தது. அதற்குள் தீவு டச்சுக்காரர் கைக்குப் போய் இரு நூற்றாண்டு ஆகப்போகிறது.

டச்சுக்காரர் வருவதற்கு முன் குராசோவில் ஸ்பானியர் சும்மா இருக்கவில்லை. வலென்சியாவிலிருந்து ஆரஞ்சுக் கன்று கொண்டுவந்து நட்டார்கள். அந்த வெயிலுக்கும் மண்ணுக்கும் பழம் சுருங்கிக் கசந்தது. ஆடுகூட அதை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனதாகச் சொல்வார்கள். பிறகுதான் யாரோ அதன் தோலைக் காயவைத்துப் பார்த்தார்கள். வாசனை ஊரைத் தூக்கியது. அந்தத் தோலில் பிறந்ததுதான் மதுக்கடை அலமாரிகளில் நீலநிறத்தில் நிற்கும் குராசோ மது. நீலம் வெறும் சாயம். அதற்கும் ஆரஞ்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தலைநகர் வில்லம்ஸ்டாடில் துறைமுகத்து ஓரமாக மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிற்கும் வீடுகளின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளாத பயணி இல்லை. 1997இல் யுனெஸ்கோவும் உலகப் பாரம்பரியச் சொத்து என்று சொல்லிவிட்டது. இவ்வளவும் ஒருவருடைய தலைவலியால் வந்தது. 1817இல் கவர்னர் ஆல்பர்ட் கிக்கர்ட், வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுக் கண் கூசித் தலை வலிக்கிறது என்று, வெள்ளையடிக்கத் தடை போட்டார். அவர் இறந்த பிறகு, ஊரில் இருந்த பெயிண்ட் கடையில் அவருக்குப் பங்கு இருந்தது தெரியவந்ததாக ஒரு பேச்சு இன்றும் உண்டு. உண்மையோ பொய்யோ, கேட்டால் நமக்கு ஆச்சரியம் வருவதில்லை.

அதே ஊரில் 1888இல் ஒரு மிதவைப் பாலம் போட்டார்கள். செருப்புப் போட்டவன் சுங்கம் கட்ட வேண்டும், வெறுங்காலோடு வருபவனுக்கு இலவசம். ஏழைக்குச் சலுகையாம். கதை எப்படி முடிந்தது என்றால், ஏழை மானத்துக்குப் பயந்து செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தான். பணக்காரன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இலவசமாகப் போனான் என்பார்கள்.

பொனேருக்கு வருவோம். 1636இல் டச்சுக்காரர் அதை எடுத்துக்கொண்டது உப்புக்காக. ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த அவர்களுக்கு மலைமலையாக உப்பு வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது மட்டும் தெரியவில்லை. உப்பு வாரியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1850வாக்கில் அவர்களுக்காகக் கட்டிய கல் குடிசைகள் கடலோரத்தில் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வாசல் இடுப்பளவு உயரம்தான். தவழ்ந்து நுழைய வேண்டும். குடும்பமோ வடக்கே ரின்கோனில். வாரக் கடைசியில் ஏழு மணி நேரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து வர வேண்டும். 1863இல்தான் விடுதலை. பக்கத்து உப்பளத்தில் பூநாரைகள் இன்றும் ஒற்றைக்காலில் நிற்கின்றன. இறால் தின்று இளஞ்சிவப்பாகி, படத்தில் அழகாக விழுகின்றன.

எந்த வறட்சியைச் சொல்லி டியேகோ முத்திரை குத்தினாரோ, அந்த வறட்சிதான் இன்றைக்குப் பொனேருக்குச் சோறு போடுகிறது. மழை குறைவு, ஆறு இல்லை. அதனால் கடலில் வண்டல் கலப்பதில்லை, தண்ணீர் கண்ணாடி. காற்று எப்போதும் கிழக்கிலிருந்து வருவதால் மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கிறது. படகே வேண்டாம். வாடகை வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இடத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கல்லைப் பார்த்து, சிலிண்டரை முதுகில் மாட்டி நடந்தால், கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை, கிளிமீன், ஆமை. 1962இல் ஒரு பாய்மரக் கப்பலில் வந்து சேர்ந்த டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், முதலில் ஈட்டி எய்து மீன் பிடித்தார். பிறகு மனம் மாறி, ஈட்டியே கூடாது என்று கிளம்பினார். 1979இல் தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை கடல் பூங்கா ஆனது.

1984இல் ஹில்மா ஹூக்கர் என்ற சரக்குக் கப்பல் இயந்திரக் கோளாறு என்று கரைக்கு வந்தது. சோதித்தால் பொய்த் தடுப்புக்குப் பின்னால் சுமார் 11 டன் கஞ்சா. என் கப்பல் என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை. பல வாரம் காத்திருந்துவிட்டு, அந்த செப்டம்பரில் கப்பல் தானாகவே முழுகியது, அதுவும் இரண்டு பவளத் திட்டுகளுக்கு நடுவே, ஒன்றையும் இடிக்காமல். இன்று 30 மீட்டர் ஆழத்தில் மீன்கள் அதில் வாடகையில்லாமல் குடியிருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை யாராவது உங்கள் பிள்ளையை உதவாக்கரை என்றால், டியேகோவை நினைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். என்றைக்காவது பொனேருக்குப் போக வாய்த்தால், தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் அந்தக் கல் குடிசை ஒன்றுக்குள் தவழ்ந்து போய், நடுப்பகலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.