பத்துப் பாத்திரமும் பச்சை டப்பாவும்

செம்பூர் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினோம். கூடவே 'இயற்கைப்' பொடி ஒரு டப்பா. மேலே இலை, ஓரத்தில் எலுமிச்சை, விலையில் மட்டும் இயற்கை இல்லை. மாட்டுங்காவிலிருந்து வந்த அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"சோடியம் கார்பனேட், சிட்ரேட்... சாம்பலும் புளியும்னு சொல்லேண்டா!"

முழுக்கத் தப்பில்லை. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், சோடாவுக்குப் பங்காளி. எண்ணெய்ப் பிசுக்கில் கொஞ்சத்தை அந்தக் காரமே சோப்பாக்கிவிடும். சிட்ரேட், உப்புத் தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டம்ளரில் வெள்ளைத் திட்டு விழாது. பொடியிலுள்ள நொதிகளில் அமிலேஸ் சோற்றுக் கஞ்சியையும் புரோட்டியேஸ் பருப்புக் காய்ந்ததையும் துண்டு துண்டாக்கும். எலுமிச்சைப் படம்தான் வேடிக்கை. இன்றைக்கு ஆலைகளில் சிட்ரேட்டுக்கு வேண்டிய சிட்ரிக் அமிலம் தருவது பழமல்ல, சர்க்கரைப்பாகு தின்று வளரும் அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கரும்பூஞ்சை. 1917-லேயே கண்டுபிடித்த வித்தை. பூஞ்சையைப் படம் போட்டால் யார் வாங்குவார்கள்?

அத்தை சும்மா இருப்பாளா? மறுநாள் பூந்திக்கொட்டைத் தண்ணீரை மெஷினில் ஊற்றினாள். அதிலுள்ள சபோனின் நுரைத்துத் தள்ளியது. மெஷினுக்கோ நுரை ஆகாது, தண்ணீர் பீய்ச்சும் வேகம் போய்விடும். சமையலறை முழுக்கப் பாற்கடல். அத்தைக்கு ஒரே பெருமை.

எந்தப் பொடி வாங்கினாலும் சரி, இரும்புத் தோசைக்கல்லை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பதம் போய்த் துருவேறிவிடும்.