வெளிச்சம் போட்டுக் காட்டும் மூலக்கூறுகள்

லிட்மஸ் தாள் இருக்கும்போது, அமிலத்தை அறிய ஒளிரும் மூலக்கூறு எதற்கு?

உயிருள்ள செல்லுக்குள் லிட்மஸ் தாளை நுழைத்துக் காட்டுங்கள், இந்தப் பகுதியை உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன். செல்லுக்குள் பிஎச் 7.2 வாக்கில் இருக்கும். அது 7.0 ஆனாலே சங்கதி மாறிவிடும். சிவப்பு, நீலம் என்ற இரண்டே பதில் தெரிந்த லிட்மஸுக்கு அதெல்லாம் எட்டாது.

அப்படி ஒரு மூலக்கூறை நான் பார்க்க முடியுமா?

வீட்டில் மஞ்சள் ஹைலைட்டர் பேனா இருக்கிறதா? அவற்றில் பலவற்றின் மையில் இருப்பது பைரனின். அமிலத்தில் ஊதா ஒளியை (சுமார் 400 நானோமீட்டர்) உறிஞ்சும். காரத்தில் நீல ஒளியை (சுமார் 450). எதை உறிஞ்சினாலும் திருப்பித் தருவது பச்சைதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, எதற்கு எவ்வளவு பச்சை வந்தது என்று வகுத்துப் பார்த்தால் பிஎச் கிடைத்துவிடும். சாயம் கூடக்குறையக் கலந்திருந்தாலும் கணக்கு பிசகாது. அது நுட்பமாகக் காட்டுவதும் பிஎச் 7.3-ஐ ஒட்டியே. செல்லுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல!

உலோக அயனி வந்து ஒட்டினால் ஏன் ஒளிர்கிறது?

எல்லாம் ஒளிராது. ஒளிர்கிற வகையில், ஒளிரும் பகுதி ஒரு பக்கம், அயனியைப் பிடிக்கும் பகுதி மறுபக்கம். அயனி இல்லாதபோது பிடிக்கும் பகுதியிலுள்ள நைட்ரஜன், தன் எலக்ட்ரானை அந்தப் பக்கம் தள்ளி, ஒளியாக வரவேண்டிய ஆற்றலை வீணடித்துவிடும். அயனி வந்து அந்த எலக்ட்ரானைப் பிடித்து வைத்தால் வீணடிப்பு நிற்கும், ஒளி வரும். இதில் பெரிய கை, கொழும்பில் படித்து பெல்ஃபாஸ்டில் பேராசிரியரான ஏ.பி. டி சில்வா. ஹைட்ரஜன், சோடியம் ஆகிய இரண்டு அயனிகளும் சேர்ந்து வந்தால் மட்டுமே நன்றாக ஒளிரும் மூலக்கூறை 1993-இல் அவர் குழு வெளியிட்டது. கணினிக்காரர்கள் சொல்லும் 'ஆண்ட் கேட்' அதுதான். ரத்தத்தில் சோடியம் பார்க்கும் சில மருத்துவக் கருவிகளிலும் அவர் வழிமுறை இருக்கிறது.

இதற்கு நோபல் உண்டா?

கால்சியத்தைக் காட்டும் 'ஃபியூரா-2'வை 1985-இல் தந்த ரோஜர் சியெனுக்கு 2008-இல் கிடைத்தது. ஆனால் ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்துக்காக!

இத்தகைய மூலக்கூறு 'நீரில் கரையும்' என்பதில் என்ன பெருமை?

ஒளிரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் தட்டை வளையங்கள். தண்ணீரைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒளியை இழப்பவை ஏராளம். பைரனினோ, நீரை விரும்பும் மூன்று சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் தப்பிக்கிறது. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும் உணரிகள் ஆய்விதழ்களில் நிறைய உண்டு. அசிட்டோநைட்ரைலை யார் குடிக்கிறார்கள்?

எங்கள் போர் தண்ணீரில் ஹைலைட்டர் மை கலந்து பாதரசம் பார்க்கலாமா?

தண்ணீர் மஞ்சளாகும், அவ்வளவுதான். பாதரசம், செம்பு, இரும்பு எல்லாம் பெரும்பாலும் ஒளியை அணைக்கிற ஆட்கள். மங்கினாலும் அணைத்தது யார் என்று மை சொல்லாது. சுத்தமான பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள்.